பாய்லர்காரன் வளர்த்த தங்கமீன்கள்

அறுபதுகளின் கடைசியில் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் பார்க்கும் வேலையில் இருந்தேன். தண்ணீர் பார்ப்பது என்றால் பாய்லருக்குள் போகும் தண்ணீரைச் சோதிப்பது. அதில் உப்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு, அமிலமா காரமா என்று ஒவ்வொரு ஷிப்டிலும் பார்த்து எழுதி, மருந்து போடச் சொல்வேன். மனிதர்கள் குடிக்கும் தண்ணீரைப் பற்றி அந்தத் தொழிற்சாலையில் யாருக்கும் அவ்வளவு அக்கறை இருந்ததில்லை.

என் மனைவி ராயபுரத்துப் பெண். துறைமுகத்தில் வேலை செய்பவர்களும் வலைக்குப் போகிறவர்களும் எந்நேரமும் வந்து போகிற வீட்டில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்தது ஒற்றை அறை வரிசை வீட்டுக்கு. கணவனோ வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறுகிறவன், வீட்டில் இருந்தால் தூங்குகிறவன். நாய் வளர்க்கலாமா என்று கேட்டாள். வீட்டுக்காரர் நாய் கூடாது, கோழியும் கூடாது என்றார். மீனைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, அவருக்குத் தோன்றியிருக்காது.

மூர் மார்க்கெட்டில் தொட்டி வாங்கினோம். இரும்புச் சட்டத்தில் கண்ணாடியை மக்குப் பசை வைத்து ஒட்டிய தொட்டி. ஐந்து தங்கமீன்களை அவளே பார்த்துப் பொறுக்கினாள். பாலிதீன் பையைப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தவர் வற்புறுத்திக் கேட்டதால் ஒருமுறை தூக்கிக் காட்டினாள்.

மீன் வளர்ப்பதைப் பற்றி என்னிடம் புத்தகம் எதுவும் இல்லை. வேண்டும் என்று தோன்றவும் இல்லை. எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று தண்ணீரில் இருக்கும் என்று நினைப்பதற்கு எனக்குச் சம்பளம் தரவில்லை. தொட்டிக்கு ஒரு நடைமுறை வகுத்தேன். மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் முழுவதையும் எடுத்துவிட வேண்டும். கூழாங்கற்களையும் கண்ணாடியையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து அலச வேண்டும். புதுத் தண்ணீரில் குளோரின் வாடை போக, போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் பயன்படுத்தும் ஹைப்போ உப்பில் ஒரு சிட்டிகை. கடைசியாகக் கொஞ்சம் சலவை சோடா. ஏனென்றால் காரத் தண்ணீர் இரும்பை அரிக்காது, அமிலத் தண்ணீர் அரிக்கும். பாய்லர் வேலையின் முதல் பாடம் அது. தொட்டியின் சட்டம் துருப்பிடிக்காமல் இருக்க வேண்டுமே என்று நான் கவலைப்பட்டேன். சட்டம் கடைசி வரை துருப்பிடிக்கவே இல்லை.

தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பது என் மனைவி. தொட்டிக்கு நான்கு குடம் பிடிக்கும். வரிசையைக் கட்டி ஆண்டவள் எதிர்வீட்டு அக்கா. அவள் கணவர் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். குழாயடியில் யார் எத்தனை குடம் பிடிக்கலாம் என்பதை அவள்தான் தீர்மானிப்பாள். ஒரு நாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது மறித்தாள்.

"இன்னா சார், மீனுக்கு நாலு கொடம், எம் புள்ளைங்களுக்கு ரெண்டு கொடமா? நாளைக்கு அதுங்களையே வரிசையில நிக்கச் சொல்லு."

குழாயடி முழுக்கச் சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து இருட்டு விலகுவதற்கு முன்பே போய்ப் பிடிக்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாமியார் வருவார், கையில் சங்கராவோ கானாங்கெளுத்தியோ இருக்கும். தொட்டிக்கு எதிரிலேயே உட்கார்ந்து செதில் சுரண்டுவார். முதல் முறை தங்கமீன்களை வெகுநேரம் பார்த்துவிட்டு மகளிடம், "கொழம்புக்கும் ஆவாது, வறுவலுக்கும் ஆவாது. இன்னாத்துக்குடி இது?" என்றார். மகள் தொட்டிக்கு முன்னால் ஒரு துணியைத் தொங்கவிட்டாள், உள்ளே இருப்பவை வெளியே நடப்பதைப் பார்க்க வேண்டாம் என்று.

முதல் மீன் இரண்டாவது வாரத்தில் செத்தது. கடைக்காரன் நோஞ்சான் மீனைக் கொடுத்துவிட்டான் என்று தீர்ப்புச் சொன்னேன். அடுத்த சில நாட்களில் இன்னொன்று. தண்ணீர் அரிசி கழுவினது போல வெளுத்திருந்தது. சுத்தம் போதவில்லை என்று முடிவு செய்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றத் தொடங்கினேன், சோடாவையும் கொஞ்சம் கூட்டினேன். மூன்றாவது மீன் நான் தொட்டியைக் கழுவி வைத்த அன்றே மிதந்தது.

ஒவ்வொன்றையும் அவள் கொல்லையில் புதைத்தாள். மூன்றாவதைப் புதைத்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டே சொன்னாள்.

"இந்த ரெண்டும் போச்சுன்னா தொட்டிய எடுத்து வெளிய வெச்சிடுவேன். இன்னொரு உசுரு இந்த வூட்டுக்கு வேணாங்க."

கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் உறைத்தது. நான் இரவு ஷிப்ட் போகும் வாரங்களில் அவள் அந்த மீன்களோடு பேசிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பக்கத்து வீட்டார் சொல்லித் தெரியும். சுவர் மெல்லியது. குழம்பில் உப்பு கூடிவிட்டது என்பதுவரை அவற்றிடம் சொல்வாளாம்.

அந்தச் சமயத்தில் தெருவில் எங்கோ பள்ளம் தோண்டியவர்கள் குழாயை உடைத்துவிட்டார்கள். குழாய் வறண்டது. லாரித் தண்ணீர் வந்தது, வீட்டுக்கு இரண்டு குடம் என்று எதிர்வீட்டு அக்கா வகுத்தாள். அடிபம்புத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தேன். கடல் பக்கத்தில் இருப்பதால் உப்பு, அதோடு செங்காவியாக இரும்பு. பாய்லருக்கும் ஆகாது, மீனுக்கும் ஆகாது.

தொட்டியில் பழைய தண்ணீரே நின்றது. இரண்டு மீன்களில் ஒன்று மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. எப்படியாவது நான்கு குடம் தேற்றி முழுக்க மாற்றியாக வேண்டும் என்றேன். லாரிக்காரனிடம் தனியாகப் பேசிப் பார்க்கலாம் என்றேன்.

"மீனு குளிக்கணும்னு உங்ககிட்ட வந்து அழுதுச்சா?" என்றாள். "இருக்கறதுல அர கொடம் தரேன். அதுக்கு மேல கேட்டா நம்ம சோத்துக்குத் தண்ணி இல்ல."

அரைக் குடத்தால் ஒரு பயனும் இல்லை என்று விளக்கினேன். அவள் கேட்கவில்லை. தொட்டியிலிருந்து அரைக் குடம் எடுத்து, புதிதாக அரைக் குடம் ஊற்றினாள். தண்ணீர் அழுக்காகிறது என்று நான் புலம்பியதால் தீனியையும் பாதியாகக் குறைத்தாள். கற்களைத் தேய்க்கத் தண்ணீர் இல்லை, அவை அப்படியே கிடந்தன.

அன்று ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். அதுவரை உப்பு, சுண்ணாம்பு, காரம், குளோரின் எல்லாம் பார்த்திருந்தேன், அம்மோனியாவை மட்டும் பார்க்கவில்லை. சோதனை எனக்குத் தெரியாதது அல்ல. கரைசல் என் அலமாரியில்தான் இருந்தது, வாரம் தவறாமல் தொழிற்சாலைத் தண்ணீருக்குச் செய்வேன். மீன் தொட்டிக்கு அதைச் செய்யத் தோன்றவில்லை, அவ்வளவுதான். சில துளி விட்டதும் தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்துக்கு மாறியது.

மீதியைக் கல்லூரியில் முதல் வருடம் படிக்கிற பையன்கூடச் சொல்லிவிடுவான். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. தண்ணீர் நடுநிலையில் இருந்தால் அது பெரும்பாலும் தீங்கு குறைந்த உருவில் இருக்கும். காரம் கூடக் கூட நஞ்சாக மாறும். இரும்புச் சட்டத்தைக் காப்பாற்ற நான் போட்ட சோடா மீன்களைக் கொன்றிருக்கிறது. அன்றே சோடா டப்பாவைக் கொல்லைக்கு அனுப்பினேன். துணி துவைக்க உதவியது.

அந்த வாரமே பாய்லர் அறையில் நின்றபோது இன்னொன்றும் புரிந்தது. ஷிப்ட் ஆட்கள் அடி வால்வைத் திறந்து கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றினார்கள். சேறும் உப்பும் கொஞ்சம் போகும், அந்த அளவுக்குப் புதுத் தண்ணீர் உள்ளே வரும். தினமும் நடப்பது. ஓடுகிற பாய்லரை முழுக்கக் காலிசெய்து நிரப்பு என்று எவனாவது சொன்னால் நானே அவனை மெமோ கொடுத்து அனுப்பியிருப்பேன். வீட்டில் மட்டும் மூன்று நாளைக்கு ஒருமுறை அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

தினமும் பாட்டில் கொண்டுபோனேன். டிக்காஷன் நிறம் மெல்ல மெல்ல வெளிறியது. தொட்டியின் வெண்மையும் தானாகத் தெளிந்தது. கற்களின் மேல் பழுப்பாக ஒரு பிசுபிசுப்பு படிந்திருந்தது. கழுவாமல் விட்டால் அதில் குடியேறும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவைத் தின்றுவிடும் என்பதைப் பிறகு நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். இத்தனை நாளாக அவற்றைத்தான் பிளீச்சிங் பவுடர் போட்டு ஒழித்துக்கொண்டிருந்தேன். மேலே வந்து வாய் பிளந்த மீன் அடியில் போய்க் கற்களைக் கொத்த ஆரம்பித்தது.

குழாய் சரியாகித் தண்ணீர் வந்தபோது எனக்குக் கை துறுதுறுத்தது. கண்ணாடி மங்கலாக இருந்தது, ஒரே ஒரு தடவை நன்றாகக் கழுவிவிட்டால் என்ன என்று கேட்டேன். அவள் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். "நீங்க பாட்டில்ல எடுத்துக்கினு போயி கலர் பாருங்க. கைய மட்டும் உள்ள வுடாதீங்க." அதுதான் புதிய நடைமுறை. வகுத்தவர் கையெழுத்து இல்லாவிட்டாலும் அமலுக்கு வந்துவிட்டது.

சில மாதம் கழித்து அவள் தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம். ஒரு வாரம் ராயபுரம் போக வேண்டியிருந்தது. கிளம்பும்போது என் சாப்பாட்டைப் பற்றிப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனாள். மீன்களைப் பற்றி என்னிடமே சொன்னாள், அதுவும் இரண்டு தடவை: ஒரு சிட்டிகை தீனி, நடுவில் ஒரு நாள் அரைக் குடம், வேறெதுவும் கூடாது.

ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு என் தொழிலில் யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. தூங்கி எழுந்து தொட்டியைப் பார்ப்பேன். கண்ணாடியில் ஒரு பச்சைப் புள்ளி வளர்வதைப் பார்ப்பேன். துணியை எடுப்பேன், திரும்ப வைப்பேன்.

அவள் திரும்பி வந்தபோது பையைக் கீழே வைக்கவில்லை, செருப்பையும் கழற்றவில்லை. நேராகத் தொட்டிக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். இரண்டும் இருந்தன. அவளைக் கண்டதும் கண்ணாடியோரம் வந்து நின்றன. அதன்பிறகுதான் திரும்பி, நான் ஏன் இளைத்திருக்கிறேன் என்று கேட்டாள்.