பட்டு இழுக்காத கம்பி

எங்கள் வீட்டில் புடவைக்குத் தெரியாமல் எதையும் செய்ய முடியாது. விரல் கொஞ்சம் சொரசொரத்தாலும் பட்டு இழை அதில் சிக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். நான் அப்படித்தான் அகப்பட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி. ஆரணியில் ஒரு பாட்டுக் கச்சேரிக் குழுவில், பாட்டுக்கு அடிநாதம் கொடுக்கும் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்குப் பேஸா என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆமாம், பேஸ்தான் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கிட்டாரில் வழக்கமாகப் போடும் கம்பியின்மேல் உருண்டையான கம்பி சுற்றியிருக்கும். விரலை நகர்த்தினால் அரம்போல ராவும். ஒருநாள் முகூர்த்தப் புடவையில் என் விரல் பட்ட இடத்தில் இழை எழும்பி நின்றது. அப்பா தறியை நிறுத்தினார்.

"தறியா கிட்டாரான்னு முடிவு பண்ணிக்கோ. ரெண்டையும் பிடிச்சிகினு தொங்காத. விரல் ஆறற வரைக்கும் தறிப்பக்கம் வராத."

இரண்டையும் விடமாட்டேன் என்றேன். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

விரலை ராவாத கம்பி கேட்டதற்கு, சென்னையில் ஓர் இசைக்கருவிக் கடைக்காரர், "இது பழைய காலத்து ஐட்டம்மா, யாரும் வாங்கறதில்ல" என்று ஓர் உறையைத் தள்ளினார். பிளாட்வுண்ட் கம்பி. நகத்தால் சுரண்டினேன், சத்தமே இல்லை. உற்றுப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே ஓர் இழை, அதன்மேல் இடைவெளி தெரியாமல் சுற்றிய தட்டைத் தகடு. பிறந்ததிலிருந்து நான் பார்த்த ஜரிகையேதான்!

மாட்டி வாசித்தேன். பழைய கிணுகிணுப்பு போயிற்று. 'தும்' என்று தடிமனாக வந்து, இழுபடாமல் நின்றது. காதுக்கு முன்னால் அடிவயிற்றுக்குக் கேட்டது. விரல் வழுக்கிக்கொண்டு போனது. அன்றைக்கே எனக்குப் பிடித்துவிட்டது.

குழுவை நடத்திய கீபோர்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. சில வாரம் பொறுத்தார். ஓர் அமாவாசை, தறிகளுக்கு லீவு, ஒத்திகையில் எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தார்.

"சவுண்டு செத்துப்போச்சும்மா. பளிச்சுன்னு வேணும். பழைய கம்பியே போடு, இல்லன்னா வேற ஆள பாத்துக்கறேன்."

அடுத்த பாட்டில், பல்லவி பாதியில் இருக்கும்போது கையை எடுத்துவிட்டேன். பாட்டு அந்தரத்தில் தொங்கியது. பாடகர் தடுமாறித் திரும்பினார். தபேலாவும் நின்றது.

"ஏம்மா நிறுத்திட்ட?" என்றார் கீபோர்டுக்காரர்.

"செத்த சவுண்டுதானேண்ணா, இருந்தா என்ன, போனா என்ன?"

அவர் முகம் கறுத்தது. "சரி, முதல்லேர்ந்து" என்றார். கம்பிப் பேச்சை அதன்பின் அவர் எடுக்கவே இல்லை.

மறுநாள் காலை தறியருகே போய் நின்றேன். அப்பா, "கைய காட்டு" என்றார். ஒரு பட்டு இழையை எடுத்து என் விரல்நுனிகளின்மேல் மெல்ல இழுத்தார். காய்த்த விரல்தான், ஆனால் வழவழவென்று காய்த்திருந்தது. இழை எங்கும் நிற்காமல் போயிற்று. நம்பாமல் இன்னொருமுறை இழுத்தார்.

"இப்ப சொல்லு நைனா, எத விடணும்?"

அவர் எழுந்து தறியில் எனக்கு இடம் கொடுத்தார்.