சீல் இல்லாத சீட்டு

எனக்கு அப்போது பதினேழு வயது. வெள்ளைப்படுதலும் அரிப்பும் தாங்க முடியாமல், வயிற்று வலி என்று பொய் சொல்லி அம்மாவோடு மானாம்பதியிலிருந்து பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த நர்சம்மா ஒல்லியானவர். மூக்குக்கண்ணாடி ஒடிந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சீட்டை அம்மாவிடம் நீட்டினார்.

“இதுல சீல் இல்லம்மா. கவுண்டர்ல போட்டுக்கினு வா.”

அம்மா போனதும் கதவைச் சாத்தினார். “வலி வயித்துலயா, கீழயா? உங்கம்மா வர்றதுக்குள்ள சொல்லு.”

சொன்னேன். யாராவது என்னை ஏதாவது செய்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். “கெட்ட பொண்ணுங்களுக்குத்தான் இது வருமாமே” என்று அழுதேன்.

“எவ சொன்னா? யாருக்கும் வரும். மாத்திரைல சரியாப் பூடும். டாக்டராண்ட நான் சொல்றேன்.”

பேனா எடுக்க மேசை டிராயரைத் திறந்தார். சீல் உள்ளேதான் இருந்தது.

இப்போது என் மகளுக்குப் பதினாறு. போன வாரம் அதே அறையில் வேறொரு நர்ஸ் கேள்வி கேட்க, அவள் என்னைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக இருந்தாள். நான் சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

“சீல் போட்டுக்கினு வரேன்.”

“இதுக்கு சீல் வேணாங்க.”

கதவைச் சாத்திவிட்டு, கவுண்டர் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றேன்.