நாலு வருஷமும் ஒரு நாளும்

மிஹோ வீட்டைப் பூட்டிய பிறகும் திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்க்கிறவள். ஜப்பானில் ஷிமானே கடலோரத்துச் சிற்றூரொன்றின் ஊராட்சி அலுவலகத்தில், சுகாதாரப் பிரிவில் பதினாறு வருஷமாக வேலை. ஊர் கிளினிக்கிலிருந்து மார்ச்சில் ஓய்வுபெற்ற டாக்டர் தன் தடுப்பூசிப் பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதை அலுவலகக் கணினியில் ஏற்ற அவளே ஒரு நிரல் எழுதினாள். பெயர்களையும் முகவரிகளையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள். தேதிகள் தேதிகளைப் போலவே இருந்ததால் விட்டுவிட்டாள்.

நிமோனியா ஊசி போட்டு ஐந்து வருஷம் கடந்த எண்பத்தாறு முதியவர்களுக்கு மறு ஊசிக்கு வரச்சொல்லிக் கடிதம் போனது. மூன்றாம் நாள் காலை பத்தே காலுக்கு ஒகிதா என்ற பெரியவர் கடிதத்தோடு வந்து நின்றார்.

"எனக்குப் போன வருஷம்தானேம்மா போட்டாங்க?"

"அஞ்சு வருஷம் ஆயிடுச்சுங்க, ஒகிதாசான். கணினியில பதிவு இருக்கு." மறதிக்காரரிடம் பேசுகிற குரலில்தான் சொன்னாள்.

"எனக்கு மறதி உண்டு. இதுக்குக் கிடையாது" என்று மருந்துக் குறிப்பேட்டைத் திறந்து வைத்தார் பெரியவர். டாக்டர் ஒட்டிய சீட்டில் போன வருஷம் மே பன்னிரண்டு. திரையிலோ அதற்கும் நாலு வருஷம் முந்தைய மே பதினொன்று.

சரியாக நாலு வருஷமும் ஒரு நாளும். மிஹோவுக்குப் புரிந்துவிட்டது. தேதி என்று நாம் பார்ப்பதைக் கணினி அட்டவணை ஒரு தொடக்க நாளிலிருந்து எண்ணிய நாட்களாகத்தான் வைத்திருக்கும். அவளுடைய நிரல் 1900-லிருந்து எண்ணியது. டாக்டரின் பழைய கணினி 1904-லிருந்து எண்ணுகிற வகை. இரண்டு கணக்குக்கும் இடைவெளி அதே நாலு வருஷமும் ஒரு நாளும்.

உடனே கிளினிக்குக்குப் போன் போட்டாள். ஊசி போடுவதை நிறுத்தச் சொன்னாள். ஒன்பது மணியிலிருந்து மூன்று பேருக்குப் போட்டாயிற்று என்றாள் நர்ஸ். தேதிகளைத் திருத்திப் பார்த்ததில் இருவருக்கு உண்மையிலேயே கெடு வந்திருந்தது. மூன்றாமவர் முடிதிருத்துகிற ஹமாசாகி. முந்தைய ஊசி போட்டுப் பதினாலே மாதம். உயிருக்குப் பயமில்லை, கை நன்றாக வீங்கும், காய்ச்சல் வரலாம் என்றார் புது டாக்டர்.

பிரிவுத் தலைவர் சகாகி கத்தவில்லை. எத்தனை கடிதம் என்று மட்டும் கேட்டுவிட்டு, பட்டியலில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இப்போதைக்கு ஊசிக்கு வர வேண்டாமென்று சொல்லப் போனை எடுத்தார். கடைசியாக ஒருவர் மட்டும் எடுக்கவே இல்லை. மிஹோ சைக்கிளில் போய், அவர் வெங்காயப் பாத்தியில் இருப்பதைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் ஹமாசாகியின் கடைக் கதவில் விடுமுறை அட்டை தொங்கியது. அவர் இடக்கைக்காரர். ஊசியும் இடக்கையில்தான். தோளிலிருந்து முழங்கைவரை சிவந்து பருத்திருந்தது. மிஹோ வாசலிலேயே இடுப்பு வளையக் குனிந்து, நிமிராமல் நின்றாள்.

"தப்பு பண்ணது கம்ப்யூட்டரா, நீங்களா?"

"நான்தாங்க."

"அப்ப உள்ள வாங்க. கம்ப்யூட்டர்னு சொல்லியிருந்தா கதவைச் சாத்தியிருப்பேன்."

இரவெல்லாம் காய்ச்சல் முப்பத்தெட்டரை டிகிரி செல்சியஸ் இருந்ததாக அவர் மனைவி சொன்னாள். தேநீர் கொடுத்தாள், சிரிக்கவில்லை.

காய்ச்சல் இரண்டாம் நாள் இறங்கியது. கடை நாலு நாள் மூடிக் கிடந்தது. மிஹோ தினமும் மாலையில் போய் நலம் கேட்டாள். ஐந்தாம் நாள், கடை திறந்திருப்பதைக் காட்டும் வண்ணக்கோட்டுக் கம்பம் வாசலில் சுழன்றுகொண்டிருந்தது. கண்ணாடி வழியே பார்த்தாள்: ஹமாசாகி கத்தரிக்கோலை மெதுவாகத்தான் உயர்த்தினார், ஆனாலும் உயர்த்தினார். அவள் உள்ளே போகாமல் சைக்கிளைத் திருப்பினாள்.