யாரும் உரிமை கோராத நூறு எம்பி

என் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் 'மூணு நாள் சார்' என்று பெயர். பழைய கோப்புகளைக் கழித்துக்கட்டுவதுதான் அவர் உத்தியோகம். ஆவண அறையில் ஏதாவது ஒரு கோப்பு கேட்பாரில்லாமல் கிடந்தால், அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுவார். இன்ன கோப்பு, இன்ன வருடத்தது, ஆட்சேபணை உள்ளவர்கள் மூன்று நாட்களுக்குள் தெரிவிக்கவும். நான்காம் நாள் கோப்பு அரைவை இயந்திரத்துக்குப் போய்விடும். இருபத்தெட்டு வருடத்தில் ஒருவர்கூட ஆட்சேபித்ததில்லை என்று மார்தட்டிக்கொள்வார். அந்தப் பலகை மாடிப்படிக்கு அடியில், சைக்கிள்களுக்குப் பின்னால் இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு கதை உண்டு. ஓர் ஆள் வந்து, தன் அப்பா எழுதிக்கொடுத்த குடிநீர் இணைப்பு விண்ணப்பத்தைக் கேட்டாராம். அது போன வாரமே அரைபட்டுவிட்டது. அதனால் என்ன பயன் என்று இவர் கேட்டிருக்கிறார். "பயன்னு ஒண்ணும் இல்லைங்க. அப்பா கையெழுத்து வேற எங்கயும் இல்ல. எனக்கு வேணும், அவ்வளவுதான்" என்றாராம் அந்த ஆள். பயன் சொல்லாத ஆட்சேபணை ஆட்சேபணையே இல்லை என்று விதியைக் காட்டி அனுப்பிவிட்டாராம் இவர். கதை இந்த இடத்துக்கு வந்ததும் இவர் சிரிப்பார், வந்தவர்களும் மரியாதைக்குச் சிரித்து வைப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது, டீ கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

நான் எம்பிராய்டரி போடுகிறவள். கூடத்தில் பாதியை மெஷினும் மீதியை நூல்கண்டுகளும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. படத்தைத் தையலாக மாற்றும் மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும், அதற்காக வாங்கியதுதான் எங்கள் கணினி. மூன்று வருடத்துக்கு முன் அவர் ஏதோ பயிலரங்குக்குப் போய்வந்து, விண்டோஸ் வேண்டாம், இனி லினக்ஸ்தான் என்று ஒரு மாதம் காதில் ஓதினார். கடைசியில் டிஸ்கைச் சரிபாதியாகப் பிரித்து, ஒன்றில் என் விண்டோஸ், மற்றதில் தன் லினக்ஸ் என்று குடிவைத்தார். கணினியைப் போட்டால் இரண்டு பெயரும் திரையில் வரும். பத்து வினாடிக்குள் நான் என்னுடையதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அவருடையது திறந்துகொள்ளும்.

அவருடைய பாதியில் என்ன இருந்தது என்றால், ஒரு சீட்டாட்டமும் வீட்டுச் சாமான்களின் பட்டியலும்தான். எந்தப் பொருளை எந்த வருடம் கழிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருப்பார். என் தையல் கத்தரிக்குக்கூட ஒரு வருடம் குறித்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டிஸ்கைத் திறந்து பார்த்தவர், இரண்டு பெரிய பாதிகளுக்கு முன்னால் நூறு எம்பியில், அதாவது நூறு மெகாபைட் அளவில், ஒரு சின்னத் துண்டு இருப்பதைக் கண்டுபிடித்தார். அதற்குப் பெயர் இல்லை. யார் வைத்தது என்றும் தெரியவில்லை. அவருக்குக் கை அரிக்காமல் இருக்குமா? குளிர்சாதனப் பெட்டியின் கதவில் தாள் ஒட்டிவிட்டார். 'உரிமை கோரப்படாத நூறு எம்பி. ஆட்சேபணை உள்ளவர்கள் மூன்று நாட்களுக்குள்.' நானும் படித்தேன். ஏதோ அலுவலகச் சமாச்சாரம் என்று நினைத்து, பாலை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

புதன்கிழமை ராத்திரி அவர் அந்தத் துண்டை அழித்துவிட்டுப் படுத்தார். வியாழக்கிழமை காலை கணினியைப் போட்டேன். இரண்டு பெயரும் வரவில்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி, தொடங்குவதற்கு எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஏனென்றால் சனிக்கிழமை மதியத்துக்குள் ஒரு பள்ளிக்கு இருநூற்று நாற்பது சட்டைச் சின்னங்கள் தைத்துக் கொடுக்க வேண்டும். திறந்த புத்தகத்தின் மேல் ஓர் ஆந்தை. ஆந்தையின் சிறகுக்கு மட்டும் பதினோரு நாள் உட்கார்ந்தேன். நான்கு வருடத்தில் எனக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் அது. தவறினால் வேலை அடுத்த தெருக் கடைக்குப் போய்விடும், அந்தப் பள்ளி மறுபடி என் பக்கம் திரும்பாது. மாதிரி தைக்க மெஷினில் செருகிய பென்டிரைவில் ஒரு நகலாவது இருந்திருக்கும். வேலை முடிந்ததும் பென்டிரைவைக் காலி செய்ய வேண்டும் என்று எனக்குப் பழக்கிவிட்டவரும் இந்த மகானுபாவர்தான்.

அவர் பதறவில்லை. அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, முதலில் ஒரு பழுது அறிக்கை எழுதினார். பிறகு பெட்டியைக் கழற்றி விசிறியில் தூசி தட்டினார். நூறு எம்பியை எடுத்தது நேற்று, கணினி படுத்தது இன்று என்று நான் சொன்னதற்கு, "நீ ஆட்சேபிக்கலையே" என்றார். அந்த நிமிடம் எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கத்தரியைப் பட்டியலில் சொன்ன வருடத்துக்கு முன்பே பயன்படுத்தியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு, சலவைக்கடைக்குப் பக்கத்தில் இருக்கும் கணினி மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

மெக்கானிக் ஒரு பென்டிரைவைச் செருகி, அதிலிருந்து கணினியைக் கிளப்பி, டிஸ்கைப் பார்த்தார். முன்னால் ஒரு சின்ன இடம் காலியாக இருக்கிறதே, என்ன ஆயிற்று என்று கேட்டார். "அகற்றப்பட்டது" என்றார் என் வீட்டுக்காரர், வேறு யாரோ செய்ததைப்போல.

"அதுலேர்ந்துதான் சார் ரெண்டுமே கிளம்பும். வீட்டுக்குள்ள சாமான் எல்லாம் அப்படியே இருக்கு. நீங்க வாசக்கதவத்தான் கழட்டிட்டீங்க."

என் ஆந்தை இருக்கிறதா என்று கேட்டேன். மெக்கானிக் என் பாதியைத் திறந்து கோப்பைக் காட்டினார். சிறகு முழுசாக இருந்தது. பிறகு அதே காலி இடத்தில் நூறு எம்பியை மறுபடி உண்டாக்கி, நாலைந்து வரி தட்டினார். விண்டோஸ் வந்தது. இன்னும் அரைமணி நேரத்தில் லினக்ஸும் வந்து, பழையபடி இரண்டு பெயரும் திரையில் நின்றன.

வெள்ளி முழுக்க மெஷின் ஓடியது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து இருநூற்று நாற்பது ஆந்தைகளுக்கும் பிசிறு நூல் வெட்டினார். சனிக்கிழமை பதினொன்றரைக்குச் சின்னங்கள் பள்ளியில் இருந்தன.

என் கோபம் அதோடு தீர்ந்திருக்கலாம். தீரவில்லை. திங்கட்கிழமை நான் ஒரு தாள் எழுதி அதே கதவில் ஒட்டினேன். 'கணினியின் இரண்டாம் பாதி. ஒரு சீட்டாட்டம், ஒரு பட்டியல். ஆட்சேபணை உள்ளவர்கள் பயனைக் குறிப்பிட்டு மூன்று நாட்களுக்குள்.'

தண்ணீர் எடுக்க வந்தவர் படித்துவிட்டு, தண்ணீர் எடுக்காமலே போனார். செவ்வாய்க்கிழமை, அறிவிப்பில் தேதி போடவில்லையே, இது செல்லுமா என்று கேட்டார். தேதி போட்டேன். புதன்கிழமை சாயங்காலம் கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். சீட்டாடவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூடம் என்னுடையது, அலமாரிகள் என் நூலுக்கு, அறையில் துணி மூட்டைகள். இந்த வீட்டில் அவருக்கென்று இருந்தது அந்தப் பாதி மட்டும்தான். கேலிக்காகத்தான் ஒட்டினேன், ஆனால் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

தாளைக் கிழித்துவிடலாம் என்று போனபோது, அடியில் அவருடைய குண்டுக் கையெழுத்தில் எழுதியிருந்தது. 'ஆட்சேபிக்கிறேன். பயன் ஒன்றும் இல்லை. எனக்கு வேண்டும்.'

கீழே 'ஏற்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். குனிந்து அதைப் படித்தார்.

"அந்த ஆளும் இதையேதான் சொன்னான்" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் வீட்டுக்கு வந்து போய்விட்டார்கள். அந்தக் கதையை அவர் யாருக்கும் சொல்லவில்லை.