வேலிப் பொட்டால் வந்த பிரிட்ஜ்

எங்கள் வீட்டில் இரண்டு நாள் பிரிட்ஜ் இருந்தது. அந்த இரண்டு நாளும் நாங்கள் பணக்காரர். அப்படி ஆக்கினது அரசாங்கம். எப்படி என்று இன்றைக்குச் சொல்லிப் பார்த்தாலும் எனக்குத் தலை சுற்றும்.

அக்காவுக்குப் பல்கலைக்கழக அனுமதி மயிரிழையில் தவறிப்போன காலம். கொழும்பில் காசு கட்டிப் படிக்கிற கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. படிப்புக் கட்டணத்துக்கு அரசாங்கமே வட்டியில்லாக் கடன் தருமாம். ஆனால் தங்கவும் சாப்பிடவும் யார் தருவது? சுன்னாகம் சந்தையில் அன்று எங்கள் தோட்டத்து வெங்காயம் போன அடிமாட்டு விலைக்கு அப்பாவிடம் கேட்பதே பாவம். அந்த நேரம் பார்த்து, வறிய குடும்பங்களுக்கு மாதாமாதம் நிவாரணக் காசு கொடுக்கப்போகிறார்கள் என்று கதை வந்தது. அம்மா உடனே கீரிமலைக் கோயிலுக்கு நேர்த்தி வைத்தார். கடன் அக்காவின் படிப்பு, நிவாரணம் அக்காவின் சோறு. எங்கள் வீட்டுக் கணக்கு அவ்வளவுதான்.

கடனுக்குப் பிணை நிற்க வசதியான ஒருவர் வேண்டும். பக்கத்து வளவில் இருந்த சித்தப்பா, அதாவது அம்மாவின் தங்கையின் கணவர், சந்தையடியில் கடை வைத்திருந்தவர். வெள்ளிக்கிழமை வங்கிக்கு வந்து கையெழுத்து வைக்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

புதன்கிழமை பின்னேரம் சின்னம்மா வேலிப் பொட்டால் வந்தார். சொந்தக்காரர் வீடுகளுக்கு இடையில் வேலியோலையைப் பிரித்து ஆள் நுழைய விடும் வழிக்குத்தான் பொட்டு என்று பெயர். கறிக்கிண்ணமும் ஊர்வம்பும் அதால்தான் போய்வரும்.

"அக்கா, நாளைக்கு எங்கடை வீடு பாக்க வருகினமாம். பிரிட்ஜ் கிடந்தால் நிவாரணம் இல்லையாம். உங்கடை பக்கம் அடுத்த கிழமைதானாம். ரெண்டு நாளைக்கு இஞ்சை வைக்கட்டே?"

"கடைக்காரருக்கு என்னத்துக்கு நிவாரணம்?" என்றார் அப்பா.

"கடை அவரின்ரை தமையன்ரை பேரிலைதானே அத்தான் கிடக்கு. அரசாங்கக் காசு, ஆரின்ரை அப்பன் வீட்டுக் காசு?"

அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு பொட்டைப் பெரிதாக்கப் போனார்.

பிரிட்ஜ் எங்கள் கூடத்துக்கு வந்து, மேலே படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு, திரை போட்ட சாமி மாதிரி நின்றது. எனக்கு ஒன்பது வயது. என் சந்தோசத்துக்கு அளவே இல்லை. உள்ளே அப்பிள் இருந்தது, பட்டர் இருந்தது. தொட்டால் கை முறியும் என்று அம்மா சொல்லியிருந்ததால் அடிக்கடி திறந்து பார்த்ததோடு சரி.

அடுத்த நாள் அரச அலுவலகத்திலிருந்து ஒரு மிஸ் வந்தார். சின்னம்மா வீட்டைப் பார்த்து முடித்தவர், "வந்தது வந்தன், அடுத்த வீட்டையும் பாத்திட்டுப் போறன்" என்று நேரே எங்கள் படலையைத் திறந்துவிட்டார். பாவம், வெயிலில் களைத்துப்போயிருந்தார். அம்மா தேத்தண்ணீர் கொடுத்தார். மிஸ் குடித்துக்கொண்டே அந்த விரிப்பைத் தூக்கினார்.

"உங்கடை பிரிட்ஜோ?"

வேலிப் பொட்டில் சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கும் தெரிந்திருக்கும்.

"ஓம். எங்கடைதான்."

மிஸ் கதவைத் திறந்து பார்த்தார். "அப்பிளெல்லாம் வாங்கிறியள். அப்ப சமாளிப்பியள்தானே, அக்கா" என்றார். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பென்சில் எடுத்ததை மறைத்துப் பொய் சொன்னேன் என்று என் தொடையில் திருகின அம்மாவா இது? அதுவும் இல்லையென்று சொல்லவேண்டிய இடத்தில் இருக்கிறதென்று ஒரு பொய்!

அன்று பொழுதுபட அப்பாவும் அதைத்தான் கேட்டார்.

"அரிச்சந்திரன்ரை பேத்தி, இண்டைக்கு உனக்கு என்ன வந்தது?"

"அவளின்ரை எண்டு சொன்னால் நாளைக்கு பாங்குக்கு ஆர் வாறது?" என்றார் அம்மா.

வெள்ளிக்கிழமை சித்தப்பா வந்தார். வங்கி மேசையில் தன் கடை, தன் வருமானம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக் கையெழுத்து வைத்தார். முதல் நாள் ஏழையாக இருந்தவர் மறுநாள் வசதிக்காரர். முதல் நாள் அப்பிள் தின்னிகளாக இருந்த நாங்கள் மறுநாள் கடன் கேட்கும் ஏழைகள். கூடப் போயிருந்த நான் திரும்பி வரும்போது, "ரெண்டும் ஒரே அரசாங்கம்தானேயப்பா?" என்று கேட்டேன்.

"ஒண்டுதான் பிள்ளை. மேசைதான் வேறை."

எனக்கு விளங்கவில்லை. அன்று பின்னேரம் பிரிட்ஜ் வந்த வழியே திரும்பிப் போனது. நான் அழுதேன்.

நிவாரணம் சின்னம்மாவுக்குக் கிடைத்தது. சும்மா சொல்லக்கூடாது, முதல் மாதக் காசில் அக்காவுக்கு ஒரு சூட்கேஸ் வாங்கிக் கொடுத்தார். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கி, "உனக்கு நல்ல மனம்" என்றார். இப்போது நினைத்தால் கோபம் கோபமாக வருகிறது. யாரில் என்றுதான் தெரியவில்லை.

அக்கா கொழும்பிலிருந்து போன் எடுத்தால், நாங்கள் கேட்க முதலே "சாப்பிட்டிட்டன்" என்பாள். பொங்கலுக்கு லீவில் வந்தவள் சூட்கேசை வாசலில் வைத்துவிட்டு நேரே குசினிக்குப் போனாள். சோறும் தேங்காய்ச் சம்பலும்தான் இருந்தன. போட்டுச் சாப்பிட்டாள், இன்னும் போட்டாள், கடைசியில் பானையைச் சுரண்டினாள். சின்னம்மா தன் பிரிட்ஜிலிருந்து கொண்டுவந்த ஐஸ்கிறீம் அவர் கையில் கரைந்துகொண்டிருந்தது.

"ஏனக்கா, கொழும்பிலை சோறு ருசியில்லையோ?" என்று கேட்டேன்.

அக்கா அம்மாவைப் பார்த்தாள். "ஓம். கொஞ்சமும் ருசியில்லை."

அம்மா எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். கொழும்புக்காரருக்குச் சமைக்கத் தெரியாது என்று நான் கனகாலம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.