குழல் என்று நான் சொல்லவில்லை

ஊதி முடித்த தகரக் குழலின் வாய்ப்பக்கத்தில் ஒரு மணம் இருக்கும். ஈர மரமும் தகரமும் எச்சிலும் கலந்த, மழையில் நனைந்த பென்சிலைக் கடித்தாற்போன்ற மணம். ஓரடி நீளத்துக்குத் தகரத்தைச் சுருட்டி, ஆறு துளைகள் இட்டு, ஊதும் முனையில் சிறிய மரக்கட்டை ஒன்றைச் செருகிச் செய்த எளிய வாத்தியம் அது. தகரத்தைத் துணியால் துடைத்துவிடலாம், ஆனால் கட்டை குடித்த ஈரம் லேசில் காயாது. எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது, என் குழலை வேறு யாரோ எடுத்து ஊதுகிறார்கள் என்பதை அந்த ஈரத்தினால்தான் கண்டுபிடித்தேன்.

அப்போது நாங்கள் கொழும்பின் கொட்டாஞ்சேனையில் ஒரு குறுகிய ஒழுங்கைக்குள் மாடி வீட்டில் குடியிருந்தோம். துறைமுகத்தில் வேலை செய்த மாமா, கப்பல்காரன் ஒருவனிடமிருந்து அதை வாங்கி வந்து எனக்குத் தந்தார். எனக்கும் என்னைவிட ஒரு வயது இளைய தங்கை கௌரிக்கும் அது "விசில்". அப்பாவுக்கு மட்டும் அது "குழல்". கந்தோரில் நாள் முழுவதும் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு வருகிற அப்பா, வீட்டுப் படியேறியதும் ஓர் ஆங்கிலச் சொல்லையும் வாயில் எடுக்கமாட்டார். "உந்தக் குழலை வைச்சிட்டுப் படி" என்பார். அதனால் அவர் முன்னிலையில் நானும் குழல் என்றே சொல்லுவேன். ஒரே வீட்டில் ஒரு பொருளுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குழலோடு ஒரு தாளும் வந்தது. எந்தச் சுரத்துக்கு எந்தத் துளையை மூடுவது, எதைத் திறப்பது என்று கறுப்பு வட்டங்களும் வெள்ளை வட்டங்களுமாக அதில் அச்சிட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தாளைக் கல்லொன்றின் கீழ் வைத்துவிட்டு மொட்டைமாடியில் நின்று ஊதுவேன். கீழ்ச் சுரங்களுக்கு மெல்ல ஊத வேண்டும், சற்று அழுத்தினால் குழல் மேல் ஸ்தாயிக்குத் தாவிவிடும் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது. ஒரு விரல் சற்று விலகினாலும் கீச்சென்று கத்தும். ஆனாலும், வானொலியில் கேட்ட ஒரு பாட்டின் முதல் வரி என் விரல்களுக்குள் வந்து சேர்ந்த பின்னேரத்தில் நான் அடைந்த சந்தோசத்தைப் பின்னாளில் எந்தப் பரீட்சையும் எந்த உத்தியோகமும் எனக்குத் தரவில்லை.

ஒழுங்கைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு "சமறி" இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் வீட்டைக் கொழும்பில் அப்படித்தான் சொல்வார்கள். நான் ஊதத் தொடங்கினால் அங்கிருந்து யாராவது யன்னலால் தலையை நீட்டி, "தம்பி, யாழ்தேவி வெளிக்கிட்டிட்டுதோ?" என்று யாழ்ப்பாண ரயிலின் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். இன்னொருவர், "கொடியைக் காட்டடா தம்பி, கொடியைக் காட்டு!" என்பார். சிரிப்பு எழும். நானும் சிரிப்பதுபோல நின்றுவிட்டுக் கீழே வந்துவிடுவேன்.

ஒருநாள், என் தலையணைக்குக் கீழே நான் வைத்த இடத்திலேயே, நன்றாகத் துடைக்கப்பட்டு இருந்த குழலை எடுத்து வாயில் வைத்தபோது கட்டை ஈரமாக இருந்தது. அடுத்த நாள் விளையாடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய், சற்று நேரத்தில் திரும்பி வந்து மொட்டைமாடிப் படியில் ஒளிந்திருந்தேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். மேலே கௌரி ஊதிக்கொண்டிருந்தாள். தாளை அவள் ஒருநாளும் கையில் எடுத்ததில்லை. நான் பழகும்போது தூர இருந்து என் விரல்களைப் பார்த்து, பென்சிலில் துளைகள் இருப்பதாகப் பாவனை செய்து பழகியிருக்கிறாள். நான் மாதக்கணக்காக இடித்துக்கொண்டிருந்த அதே பாட்டு அவளிடம் வழுக்கிக்கொண்டு போயிற்று. என் தாளில் கறுப்பும் வெள்ளையும்தான் இருந்தன. அவளோ ஒரு துளையைப் பாதி மட்டும் மூடி, விரலை மெதுவாக இழுத்து, நான் அந்தக் குழலுக்குள் இல்லை என்று நினைத்திருந்த ஒரு சுரத்தை எடுத்தாள்.

பாட்டு முடிந்ததும் சமறியில் கை தட்டினார்கள். கேலிக்கு அல்ல. "இன்னொருக்கா, தங்கச்சி!" என்று ஒரு குரல் கெஞ்சியது.

நான் மேலே ஏறிப்போய், "என்ர விசிலை ஆர் உன்னை எடுக்கச் சொன்னது?" என்று பறித்துக் காற்சட்டைப் பைக்குள் செருகி, மேலே நீட்டிய முனைமேல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினேன். படியடியில் அப்பா. கந்தோரால் வந்து குடையை மடித்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி எங்க?" என்றார்.

"மொட்டைமாடியில நிண்டு விசிலடிக்கிறாள்" என்றேன். பிறகு, கேட்காமலே, "சமறிப் பெடியங்கள் கை தட்டுறாங்கள்" என்றும் சொன்னேன்.

இரண்டும் பொய்யல்ல. ஆனால் அப்பாவின் காதில் அந்தச் சொல் எப்படி விழும் என்பது எனக்குத் தெரியும். தெருவில் நின்று உதட்டைக் குவித்து அடிப்பதுதான் அவருக்கு விசில். கௌரி பெரியபிள்ளையாகி ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவரிடம் எப்போதும் குழல் என்று சொல்கிற நான், அன்று மட்டும் விசில் என்றேன். தெரிந்துதான் சொன்னேன்.

அப்பா அவளைக் கீழே கூப்பிட்டார்.

"மேல நிண்டு விசிலடிச்சனியோ?"

"ஓம் அப்பா." அவள் முகத்தில் பயம் இல்லை. கேட்ட மாதிரியில், அப்பாவுக்கும் யாரோ புகழ்ந்து சொல்லியிருக்கிறார்கள் என்றே நினைத்திருக்கிறாள்.

"அவங்கள் கை தட்டினவங்களோ?"

"ஓம். இன்னொருக்கா எண்டும் கேட்டவங்கள்."

எங்கள் இருவர்மீதும் அதுவரை கை வைக்காத அப்பா அவளை அறைந்தார். "ஆர் பழக்கினது?" என்றார். கௌரி என்னைப் பார்த்தாள். "நானாத்தான் பழகினனான்" என்றாள்.

குழல் என் பைக்குள் தொடையோடு உரசிக்கொண்டிருந்தது. அதை வெளியே எடுத்துக் காட்டியிருந்தாலே போதும். நான் காட்டவில்லை.

"இதைப்பற்றி இந்த வீட்டில இனி ஒரு கதையும் வேண்டாம்" என்று அப்பா சொன்னார். அதன்பிறகு யாரும் கதைக்கவில்லை. அம்மா மட்டும் அடுப்படியில் நின்று அழுதார். அந்த மாத முடிவிலேயே கௌரியை யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கோட்டை ஸ்டேசனில் ரயில் யன்னலுக்குள் இருந்து அவள் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "அண்ணா, விசிலைத் துடைச்சு வை. கட்டை ஊறிப்போகும்."

அவள் அங்கேயே படித்தாள், அங்கேயே கல்யாணம் முடித்தாள். விடுமுறைக்குக் கொழும்பு வந்தால் விருந்தாளிபோல இருந்துவிட்டுப் போவாள். நான் குழலைத் தொடவில்லை. கொட்டாஞ்சேனை வீட்டை விட்டு வந்தபோது அது எங்கே போயிற்று என்றும் தேடவில்லை. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அப்பா, "கௌரியை அண்டைக்கு அனுப்பினது சரிதானே?" என்று என்னைக் கேட்டார். "சரிதான் அப்பா" என்றேன். இது என் இரண்டாவது குற்றம். முதலாவதற்காவது சிறுவயது என்று சாட்டுச் சொல்லலாம்.

இப்போது நான் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் தனியாக இருக்கிறேன். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, கொள்ளுப்பிட்டியில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் அதேமாதிரித் தகரக் குழல் ஒன்றைக் கண்டு வாங்கினேன். காலையில் பல்கனியில் இருந்து கடலைப் பார்த்தபடி ஊதுவேன். மேடையேறப் போவதில்லை, யாருக்கும் கற்பிக்கப் போவதுமில்லை. மூச்சும் விரலும் தற்செயலாக ஒத்துப்போகும் சில நிமிடங்களுக்காகத்தான் ஊதுகிறேன். அந்தப் பழைய பாட்டும் வருகிறது, அந்த ஓர் இடத்தைத் தவிர.

சென்ற மாரியில் கௌரி கண் சத்திரசிகிச்சைக்காக வந்து என்னோடு தங்கினாள். ஒரு கண்ணில் கட்டு, மற்றக் கண் இன்னும் மங்கல். மூன்றாம் நாள் காலையில் நான் ஊதிக்கொண்டிருக்க, கட்டிலில் இருந்தபடியே சொன்னாள்: "அண்ணா, அந்த இடத்தில மோதிர விரலை முழுசா எடுக்காத. அரைவாசி."

"இன்னும் ஞாபகம் இருக்கோ?"

"விரலுக்கு இருக்கு."

"பிறகு ஏன் நீ தொடவே இல்லை?"

"அப்பாவுக்கு நான் வாசிச்சது பிடிக்கேல்லையே. கை நீட்டாத மனிசன் அடிக்கிற அளவுக்குப் பிடிக்கேல்லை. அவ்வளவு மோசமாவோ வாசிச்சனான் எண்டு கனகாலம் யோசிச்சனான்." பிறகு, "உன்ர சத்தத்தையே பொறுத்த மனிசன்" என்று சிரித்தாள்.

அவளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் பெருந்தன்மையாகப் பேசாமல் இருக்கிறாள் என்றே அதுவரை நினைத்திருந்தேன். மகள் தெருப்பெடியங்களைப் பார்த்து விசிலடித்தாள் என்று நம்பியபடி அப்பா இறந்தார். தன் வாசிப்பு அப்பாவுக்கு அருவருப்பாக இருந்தது என்று நம்பியபடி மகள் கிழவியாகிவிட்டாள். இருவருக்கும் நடுவில் கிடந்தது ஒரு சொல். அதை அங்கே போட்டவன் நான்.

சொன்னேன். என் முகம் அவளுக்குச் சரியாகத் தெரியாது என்பதால்தான் சொல்ல முடிந்தது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். மன்னிப்பும் கேட்டேன்.

"அப்ப, அப்பா நான் வாசிச்சதைக் கேக்கவே இல்லையோ?" என்றாள்.

"இல்லை."

கண்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "கண்ணுக்கு மருந்து விடுற நேரம் ஆயிட்டுதோ பார்" என்றாள்.

அவள் போன பிறகு ஒருநாள் கொட்டாஞ்சேனைக்குப் போய்வந்தேன். எங்கள் வீட்டையும் மொட்டைமாடியையும் இடித்து ஏழு மாடிக் கட்டடம் ஒன்று கட்டியிருக்கிறார்கள். சமறி இருந்த இடத்தில் வாகனங்கள் நிற்கின்றன. அந்தப் பாட்டை அவள் ஊதக் கேட்டுக் கை தட்டியவர்களில் யார் இப்போது எங்கே இருக்கிறார்களோ தெரியாது.

அவள் ஊர் திரும்பிய நாளைப்பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அன்று விடிந்ததிலிருந்து மழை. குழலைத் துவாயில் சுற்றி, சொல்லாமல் அவளுடைய பையின் அடியில் வைத்துவிட்டு ஆட்டோ பிடிக்கக் கீழே இறங்கினேன். மழைக்கு ஒன்றும் நிற்கவில்லை. கூட்டிவர அரைமணி நேரமாயிற்று. அவள் சேலை மாற்றி, பையைப் பூட்டி வைத்துக்கொண்டு கதவடியில் நின்றாள். ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, களைப்பில் கட்டிலில் சாய்ந்தபோது தலையணைக்குக் கீழே ஏதோ இடித்தது.

குழல் அங்கே இருந்தது. தகரத்தைப் பளிச்சென்று துடைத்திருந்தாள். வாயில் வைத்தேன். கட்டை ஈரமாக இருந்தது.

அப்பாவைப் போலவே, இந்த முறை நானும் கேட்கவில்லை.