என் கையால் வேண்டாம், பிள்ளையாரப்பா

மூக்கில் பால் நுரைத்து நிற்கும்போது மூச்சு ஒரு விதமாகச் சத்தமிடும். ஈரத் துணியை மெல்லக் கிழிப்பது போல இருக்கும். என் வாழ்வில் அந்தச் சத்தத்தை இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை என் மனைவி மனோவிடம். இரண்டாம் தடவை, போன ஆனி மாதத்தில், போயா என்னும் பௌர்ணமி விடுமுறையன்று, என் உள்ளங்கையில் கிடந்த ஓர் அணில் குஞ்சிடம்.

வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனையில் என்னோடு இருக்கும் அன்பர்களே, நம் கோயில் மலருக்கு அனுபவம் ஒன்று எழுதித் தரும்படி பல தடவை கேட்டிருக்கிறீர்கள். எழுத ஒன்றுமில்லை என்று சொல்லி வந்தேன். அது பொய். எழுத ஒன்றே ஒன்று இருந்தது. துணிவுதான் இருக்கவில்லை. எழுபத்தெட்டு வயதில் இப்போது எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் நான் தனியாக இருக்கிறேன். இரண்டாம் மாடியில் மனோவின் தங்கை பரமேஸ். மகள் கௌரி கனடாவில். அந்தப் போயாவுக்கு முதல் நாள் ஏசி கழுவ ஒருவர் வந்தார். வெளியே இருக்கும் பெட்டிக்குப் பின்னால் தும்பும் பஞ்சும் கந்தல் துணியுமாக அடைந்து கிடந்தது. “ஐயா, இதுக்குள்ள ஏதோ கூடு மாதிரி இருக்கு” என்றார். நான் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “குப்பைதானே, தட்டிவிடும்” என்றேன்.

தாய் அணில் வெருண்டு குழாய் வழியே கீழே ஓடியது. ஒழுங்கையைக் கடக்கும்போது ஒரு வான் வண்டியின் சில்லுக்குள் அகப்பட்டது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகள் மூன்று. இரண்டைக் காகம் கொண்டுபோய்விட்டது. மூன்றாவதை எங்கள் கட்டடத்துச் சிங்களக் காவலாளி பண்டார, பிஸ்கட் பெட்டி மூடியில் ஏந்திக்கொண்டு மேலே வந்தார்.

“மஹத்தயா, இது ஒங்கட வீட்டு ஆள். அம்மா செத்திட்டா. இப்ப மஹத்தயாதான் அம்மா” என்று சிரித்தார்.

என் சின்ன விரல் நீளம்தான் இருக்கும். கண் திறந்திருக்கவில்லை. சப்பாத்துப் பெட்டி ஒன்றில் மனோவின் பழைய நூற்சேலைத் துண்டை விரித்துப் படுக்க வைத்தேன். மறுநாள், போயா அன்று காலையில், அது வாயைத் திறந்து திறந்து மூடியது. பசி என்று விளங்கியது.

நான் அரச ஆஸ்பத்திரிகளில் முப்பத்திரண்டு வருடம் மருந்தாளராக இருந்தவன். பச்சைப் பிள்ளைக்கு மருந்து பருக்குவது எப்படி என்று எத்தனையோ தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான், அந்தக் குஞ்சை மல்லாக்கப் போட்டு, சொட்டுக் குழாயால் பசுப்பாலை வாய்க்குள் விட்டேன். அது ஆவலாகக் குடித்தது. எனக்குச் சந்தோஷம். இன்னும் அமுக்கினேன். மூக்கில் பால் நுரைத்தது. அந்தச் சத்தம் வந்தது.

சொட்டுக் குழாயைக் கீழே போட்டுவிட்டேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நாலு வருடங்களுக்கு முன் மார்கழியில் மனோவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. மூன்று கிழமை, இருபது நாளுக்கு மேல், ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, மூக்குக் குழாயோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். வார்ட்டு டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். விழுங்கும் சக்தி திரும்பி வரலாம், இரண்டு மூன்று மாதம் செல்லும். அதுவரை வாயால் ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். நெஞ்சில் சளி கட்டினால் உடனே கொண்டுவர வேண்டும். இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று அப்போது நினைக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் விளக்க அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆறு கிழமை பார்த்தேன். திருப்பிப் படுக்க வைப்பது, கழுவுவது, குழாயில் கரைத்து விடுவது. களைத்துப் போனேன். மாசியில் ஒரு நாள் காலை அவளுக்குச் சளி கட்டி மூச்சு இழுத்தது. சொந்தக்காரர் கூடிவிட்டார்கள். போகிற மூச்சு என்றார்கள். பரமேஸ் அழுதுகொண்டே கிண்ணத்தில் பால் கொண்டுவந்தாள்.

“அத்தான், உங்கட கையால பாலைப் பருக்குங்கோ. அக்கா அதுக்குத்தான் காத்துக்கொண்டு கிடக்கிறா.”

உயிர் பிரியும் நேரத்தில் பால் பருக்கி அனுப்புவது நம்முடைய வழக்கம். அது பிரியும் நேரம் அல்ல என்று அந்த அறையில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆஸ்பத்திரி தூரமில்லை. நான் கரண்டியை எடுத்தேன்.

மூன்று கரண்டி. மூன்றாவதில் இருமினாள். அந்தச் சத்தம் வந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். மறுநாள் பின்னேரம் போய்விட்டாள்.

“புருஷன்ர கையால பால் குடிச்சுப் போன புண்ணியவதி” என்று செத்தவீட்டில் என்னைக் கட்டிப்பிடித்துச் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். முடிந்து போகட்டும் என்று நினைத்துத்தான் அந்தப் பாலைக் கொடுத்தேன். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

அதற்குப் பிறகும் கோயிலுக்கு வந்தேன். ஆனால் பாலாபிஷேகம் தொடங்கும்போது எழுந்து போய், செருப்பு விடும் இடத்தில் நிற்பேன். முழங்கால் வருத்தம் என்று நினைத்து உங்களில் ஒருவர் அங்கே ஒரு கதிரைகூட வைத்துத் தந்தார். அந்த நாலு வருடமும் பிள்ளையாரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன்.

குஞ்சின் மூக்கில் பால் நுரைத்த அன்று காலை கேட்டேன். சாமியறைக்குப் போகவில்லை. குசினியில் அடுப்போரத்து மேசைக்கு முன்னால் நின்றபடியே கேட்டேன். சின்ன வயதிலிருந்து பாடமாக்கிய தேவாரம் ஒன்றும் வாயில் வரவில்லை. “பிள்ளையாரப்பா, இதை எடுக்கிறதென்றால் எடு. என் கையால் வேண்டாம். இன்னொரு தடவை என் கையால் வேண்டாம்.” இதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். குஞ்சைப் பார்க்க மேலே வந்த பண்டார கதவைத் தட்டினார்.

“ஏன் மஹத்தயா அழுறது?”

காட்டினேன். “போயா நாள். எல்லா இடமும் பூட்டியிருக்கும்” என்றேன்.

“எதிர் பிளட்டில டொக்டர் நோனா இருக்குத்தானே. நாய், பூனைக்கு மருந்து குடுக்கிற லேடி. மத்த நாள் விடியவே களனிக்கு வேலைக்குப் போகும். இன்டைக்கு லீவு, வீட்டில இருக்கும். வாங்க, வாங்க.”

எல்லாக் கதவையும் பூட்டிய அதே போயாதான் அந்த ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. தற்செயல் என்று நீங்கள் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன்.

டொக்டர் ஃபரீனா முக்காட்டோடும் கை நிறைய மாவோடும் கதவைத் திறந்தார். கௌரியைவிட இளையவர். கையைத் துடைத்துவிட்டுக் குஞ்சை வாங்கி, தலைகீழாகச் சரித்து, மூக்கைப் பஞ்சால் ஒற்றினார்.

“என்ன அங்கிள், மல்லாக்கப் போட்டா பால் குடுத்தீங்க?”

“ஓம்.”

“பசுப்பாலா?”

“ஓம்.”

“அவசரமா ஊத்தினீங்களா?”

“ஓம், மகள்.”

“எல்லாத்துக்கும் ஓம். நல்ல குற்றவாளி அங்கிள் நீங்க” என்று சிரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

பிறகு சொன்னார்: “நுரையீரலுக்குப் பால் போயிரிக்கி. பின்னேரம் வரைக்கும் ஒண்டும் குடுக்காதீங்க. சூட்டுல வைங்க. பொறகு குப்புற வச்சு, தலைய கொஞ்சம் நிமித்தி, சொட்டுச் சொட்டா. ஒரு சொட்டை முழுங்கினதுக்குப் பொறகுதான் அடுத்த சொட்டு.”

“பிழைக்குமோ?”

“நீங்க அவசரப்படாட்டி பிழைக்கலாம்.”

நாய்க்குட்டிக்குக் கொடுக்கும் பால்மா ஒன்றும், ஊசியில்லாத சின்ன சிரிஞ்சும், மருந்தும் தந்தார். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. சுடுதண்ணீர்ப் போத்தலை மாற்றுவேன். குஞ்சைத் துணியில் குப்புற வைத்து, ஒரு சொட்டு. தொண்டை அசைகிறதா என்று பார்ப்பேன். இன்னொரு சொட்டு. குடித்து முடிந்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவ வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீர் போகாது. ஒரு வேளைக்கு அரை மணி நேரம் போகும். ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் இடையில் செய்ய ஒன்றுமில்லை, காத்திருப்பதைத் தவிர. மனோவின் கட்டிலருகில் என்னிடம் கேட்கப்பட்டதும் இவ்வளவுதான். அதை அந்த மேசையில்தான் உணர்ந்தேன்.

பரமேஸ் சாப்பாட்டுக் கோப்பையோடு வந்து பார்த்துவிட்டுப் பகிடி பண்ணினாள். “என்ன அத்தான், எலிக்குஞ்சுக்குத் தாலாட்டோ? அக்கா இருந்திருந்தால் உங்களையும் பெட்டியையும் சேர்த்து வெளியில வைச்சிருப்பா.”

நாலாம் நாள் குஞ்சு வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கியது. விலா எலும்பு உள்ளே இழுபட்டது. கால்கள் குளிர்ந்தன. பரமேஸ் அப்போது என் அருகில் நின்றாள். அவள் கல்நெஞ்சக்காரி அல்ல, கண்ணீர் வந்துவிட்டது.

“அத்தான், இது போற மூச்சு. ஏன் கிடந்து உத்தரிக்க விடுறியள்? துளி பாலை விட்டுவிடுங்கோ. நிம்மதியாப் போகட்டும்.”

சொல்லிக்கொண்டே சிரிஞ்சை எடுத்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். நாற்பது வருடத்தில் அவள் கையை நான் தொட்டதில்லை.

“வேண்டாம், பரமேஸ். அண்டைக்கும் அது போற மூச்சு இல்லை.”

“எண்டைக்கு?”

சொன்னேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

“டொக்டர் அப்பிடிச் சொன்னவரோ?”

“ஓம்.”

“உங்களுக்குத் தெரிஞ்சுகொண்டுதானோ கரண்டியை எடுத்தனீங்கள்?”

“ஓம்.”

சிரிஞ்சை மேசையில் வைத்தாள். போய்விட்டாள். அவளுடைய செருப்பு என் வாசலிலேயே கிடந்தது. வெறுங்காலோடு படி இறங்கிப் போயிருக்கிறாள்.

குஞ்சைச் சட்டைப் பையில், நெஞ்சுச் சூட்டில் வைத்துக்கொண்டு டொக்டர் வேலையால் வரும்வரை அவர் வாசலில் இருந்தேன். வேறு மருந்து தந்தார். “இதுக்கு மேல நம்மட கையில இல்ல அங்கிள்” என்றார். குசினியில் சொன்ன அதே வார்த்தைகளைத்தான் பிள்ளையாரிடம் அன்று முழுதும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கையால் வேண்டாம். பொழுது சாயும் நேரம் அது ஒரு தும்மல் தும்மியது. என் விரலில் ஈரம் பட்டது. பிறகு வாயை மூடிக்கொண்டு தூங்கியது. மறுநாள் காலை சிரிஞ்சின் நுனியை இரண்டு முன்னங்கையாலும் பற்றிப் பிடித்தது. அடுத்த கிழமை கண் திறந்தது.

பரமேஸின் செருப்பு பதினொரு நாள் வாசலில் கிடந்தது. கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு முகமில்லை. பன்னிரண்டாம் நாள் அவள் வந்தாள். உள்ளே வரவில்லை.

“பாலைக் கொண்டுவந்தது நான்தானே, அத்தான். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்தக் கிண்ணத்தைத் தொட்டிருப்பனோ? நாலு வருஷமா அக்காவுக்கு நல்லது செய்தனான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்.”

என் பாவத்தை நான் தனியாகச் சுமந்ததாக நினைத்திருந்தேன். பாதியை அவளுக்குத் தெரியாமலே அவள் தலையில் வைத்திருக்கிறேன்.

உள்ளே எட்டிப் பார்த்து, “அது இருக்கோ?” என்று கேட்டாள்.

“ஓம், இருக்கு.”

“காட்டுங்கோ.”

குஞ்சு அவள் கையில் ஏறிச் சட்டைக் கையோரத்தைப் பிடித்துக்கொண்டது. அவள் சிரிக்கவில்லை. மெதுவாக எடுத்து என்னிடம் தந்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். இப்போது வெள்ளிக்கிழமைகளில் சாப்பாடு கொண்டுவருகிறாள். பகிடி இல்லை. முன்போல இருக்கும்படி நான் கேட்கவும் இல்லை.

கௌரிக்கும் தொலைபேசியில் சொன்னேன். ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அம்மாவுக்கு நொந்ததோ, அப்பா?”

“ஓம், பிள்ளை. நொந்தது.”

அழைப்பைத் துண்டித்துவிட்டாள். மூன்று கிழமைக்குப் பிறகு எடுத்து, சாப்பிட்டீங்களோ என்று கேட்டாள். அதைவிட அதிகம் நான் எதிர்பார்க்க முடியாது.

புரட்டாதியில் பல்கனிக் கதவைத் திறந்து வைத்தேன். இரண்டு நாள் வாசலில் இருந்து பார்த்தது. மூன்றாம் நாள் பக்கத்து வளவு மாமரத்துக்குப் போய்விட்டது. அதன் மூச்சில் மெல்லிய விசில் ஒன்று தங்கிவிட்டது. அது மாறாது என்று டொக்டர் சொன்னார். ஏசியை நான் இப்போது போடுவதில்லை. அந்தப் பெட்டிக்குப் பின்னால் மறுபடியும் தும்பு சேர்கிறது.

அன்பர்களே, மனோ எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அதை நான் கேட்கவுமில்லை. என் கையால் வேண்டாம் என்று மட்டும் கேட்டேன். அது கேட்கப்பட்டது. பிழை செய்தவன் பிரார்த்திக்கக் கூடாது என்று நினைத்து நாலு வருடத்தை வீணாக்கினேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். தேவாரம் வராவிட்டால் வருகிற சொல்லால் கேளுங்கள். சாமியறைக்குப் போக வெட்கமாக இருந்தால் குசினியில் நின்று கேளுங்கள். ஆனால் பதில் வரும்போது அது உங்களிடமிருந்தும் ஒன்றைக் கேட்கும். எதை ஒளித்து வைத்திருக்கிறீர்களோ அதைத்தான் கேட்கும். கொடுத்துவிடுங்கள்.

போன வெள்ளிக்கிழமை பாலாபிஷேகத்துக்கு நான் எழுந்து போகவில்லை. பிள்ளையாரின் தலையிலிருந்து பால் வழிந்து இறங்குவதைக் கடைசிவரை பார்த்தேன். அழுதேன். கதிரை வைத்துத் தந்தவர் ஓடி வந்து குனிந்து, “முழங்கால் நோகுதோ, ஐயா?” என்று கேட்டார்.

“இல்லைத் தம்பி” என்றேன். “முழங்காலில எனக்கு ஒரு நாளும் ஒண்டும் இருந்ததில்லை.”